டெல்டாவில் கார் வைத்திருப்பவர்களுக்கு: வருட சர்வீஸ் விடும் முறை

புதிதாகக் கார் வாங்கியவர்கள் முதல் வருட முடிவில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வண்டி ஐயாயிரம்கூட ஓடல, இதுக்கு எதுக்கு சர்வீஸ்?" கேள்வியில் நியாயம் இருப்பதுபோலத்தான் தெரியும். மன்னார்குடிப் பக்கம் வீடு. கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி, எப்போதாவது தஞ்சாவூருக்குத் துணி எடுக்க என்று ஓடும் வண்டி வருடத்துக்கு 10,000 கி.மீ. தொடுவதே அபூர்வம். ஆனால் வண்டியோடு தந்த கையேட்டைப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அது என்றுதான் இருக்கும். சில வண்டிகளுக்கு 15,000. நம் பக்கம் எப்போதும் முந்துவது மாதம்தான்.

குறைவாக ஓடும் வண்டியில் ஆயில் கெடாது என்று நினைப்பது தப்பு. இன்ஜின் முழுச் சூட்டுக்கு வரவும் ஆயில் சூடேறவும் பத்துப் பதினைந்து நிமிடமாவது தொடர்ந்து ஓட வேண்டும். கடைத்தெரு வரை போய் இரண்டு கிலோமீட்டரில் திரும்பும் வண்டிக்கு அந்தச் சூடு கிடைப்பதே இல்லை. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் ஈரம் ஆவியாகிப் போக வழியில்லாமல் ஆயிலில் தங்கும். எரியாத பெட்ரோலும் கொஞ்சம் இறங்கிக் கலக்கும். ஆயில் நீர்த்துப்போகும், அமிலம் சேரும். விக்கிரவாண்டி வழியாக மாதம் இருமுறை சென்னை போய்வரும் வண்டியின் ஆயில், ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டியின் ஆயிலைவிட நல்ல நிலையில் இருப்பது இதனால்தான்.

முதல் வருடத்து ப்ரீ சர்வீஸ்களைப் பற்றி ஒரு வார்த்தை. வழக்கமாக மூன்று இருக்கும். பல கம்பெனிகளில் ஒரு மாதம், ஆறு மாதம், பன்னிரண்டு மாதம் என்ற கணக்கு. ப்ரீ என்றால் கூலி மட்டும்தான். மாற்றும் ஆயிலுக்கும் பில்டருக்கும் காசு கட்ட வேண்டும். ஒரு பைசா ஆகாது என்று நம்பிப் போய் கவுண்டரில் சண்டை போடுபவர்களை எல்லா ஊர் சர்வீஸ் சென்டரிலும் பார்க்கலாம். ஆனால் இந்த மூன்றில் ஒன்றைக்கூடத் தவறவிடாதீர்கள். வாரண்டி கேட்கப் போகும்போது முதலில் பார்ப்பது சர்வீஸ் வரலாற்றைத்தான்.

மாதத்தை முடிவு செய்யுங்கள்

கார் வாங்கிய தேதியை வைத்து சர்வீஸ் விடுவதுதான் எல்லோரும் செய்வது. சித்திரையில் வாங்கியவர் சித்திரையில் விடுவார். டெல்டாவுக்கு இது சரிப்படாது என்பது என் கருத்து. இங்கே வண்டிக்கு வருடத்தில் இரண்டு கண்டங்கள். ஒன்று ஐப்பசி, கார்த்திகை மழை. இன்னொன்று தை, மாசி அறுவடை. மழைக்கு முன்னால் பிரேக், டயர், வைப்பர், பேட்டரி எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்றால், முழு சர்வீஸுக்கு ஏற்ற காலம் ஆவணிக் கடைசியும் புரட்டாசி முதல் பாதியும்தான். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தில் பிடிக்கும். அதற்குள் வேலை முடிந்திருக்கும்.

உங்கள் தேதி வேறு மாதத்தில் விழுந்தால், ஒரு முறை முன்கூட்டியே விட்டுக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த 12 மாதம் அந்த நாளிலிருந்து எண்ணப்படும். முன்னால் நகர்த்தினால் வாரண்டிக்குப் பழுதில்லை. பின்னால் தள்ளினால் வம்பு.

ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் மட்டும் வேண்டாம். ஊரிலுள்ள லாரி, வேன், டிராக்டர் எல்லாம் வாட்டர் வாஷுக்கு வரிசையில் நிற்கும். உங்கள் வண்டியை அவசரமாகக் கழுவித் துடைத்துத் தள்ளிவிடுவார்கள். தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய நாட்களும் இதே கதைதான். செவ்வாய், புதன்கிழமைகளில் காலை முதல் ஆளாகப் போய் நின்றால் மதியத்துக்கு மேல் வண்டி கைக்கு வந்துவிடும்.

எங்கே விடுவது

வாரண்டி முடியும் வரை கம்பெனி சர்வீஸ் சென்டர்தான், யோசிக்கவே வேண்டாம். அதிகம் விற்கும் வண்டிகளுக்குக் கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கமே இடம் இருக்கும். குறைவாக விற்கும் வண்டி என்றால் தஞ்சாவூரோ திருச்சியோ போக வேண்டி வரலாம். இதைக் கார் வாங்குவதற்கு முன்பே விசாரித்திருக்க வேண்டும், சரி, இப்போது வாங்கியாயிற்று.

வாரண்டி முடிந்தபின் நல்ல தனி மெக்கானிக் கிடைத்தால் அவரிடம் விடுவதில் தவறில்லை. கண் முன்னால் வேலை நடக்கும், கழற்றிய பாகம் கையில் வரும். நல்ல மெக்கானிக்கை அடையாளம் காண ஒரு வழி: ஆயில் என்ன கிரேடு ஊற்றுவீர்கள் என்று கேளுங்கள். "எல்லா வண்டிக்கும் இதான்ணே" என்று ஒரே டின்னைக் காட்டினால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம். இப்போதைய சிறிய பெட்ரோல் இன்ஜின்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஆயில்தான் கையேட்டில் போட்டிருக்கும். அதில் பழைய வண்டிக்கான கெட்டி ஆயிலை ஊற்றினால் மைலேஜ் குறையும், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மேல்பாகங்களுக்கு ஆயில் ஏற நேரமாகும். உங்கள் வண்டிக்கு எது என்று கையேட்டைப் பார்த்துப் போனில் குறித்து வைத்துக்கொண்டு போங்கள்.

முந்தின நாள் வீட்டில்

இரவு வண்டியை நிறுத்தும்போது இன்ஜினுக்குக் கீழே பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துப் போடுங்கள். காலையில் அதில் சொட்டு இருக்கிறதா என்று பார்க்கலாம். கறுப்பு, பழுப்பு என்றால் ஆயில். பச்சை, சிவப்பு, நீலம் என்று சாயத் தண்ணீர் போல இருந்தால் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். வெறும் தண்ணீர் என்றால் ஏசியிலிருந்து வந்தது, கவலை வேண்டாம்.

அப்புறம் குறைகளை ஒரு தாளில் எழுதுங்கள். "ஏதோ சத்தம் வருது" என்று சொன்னால் மெக்கானிக் எதைத் தேடுவார்? காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, வேகத்தடை ஏறி இறங்கும்போதா, இடது பக்கம் ஒடிக்கும்போதா, பிரேக் மிதிக்கும்போதா என்று எழுதினால் பாதி வேலை முடிந்தது. 60-க்கு மேல் ஸ்டியரிங் நடுங்கினால் அதையும் எழுதுங்கள். பெரும்பாலும் வீல் பேலன்ஸிங் பார்க்க வேண்டி இருக்கும். கையை விட்டால் வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அலைன்மென்ட். வாய்க்கால் கரைச் சாலைக் குழிகளில் ஓடும் வண்டிக்கு இந்த இரண்டும் வருடம் ஒருமுறை கட்டாயம்.

டிக்கியைக் காலி செய்துவிடுங்கள். ஆர்சி புத்தக நகல், பணம், நகை ரசீது என்று டேஷ்போர்டில் கிடப்பதையெல்லாம் எடுத்துவிட்டு, வண்டியைச் சுற்றி நான்கு பக்கமும் கிலோமீட்டர் மீட்டரையும் படம் எடுத்து வையுங்கள். ஸ்டெப்னியும் ஜாக்கியும் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜாப் கார்டு

சர்வீஸ் அட்வைசர் வண்டியைச் சுற்றிவந்து எழுதும் தாள்தான் ஜாப் கார்டு. அதில் இல்லாத குறை யார் காதிலும் விழாது, ஏனென்றால் வண்டியில் கை வைக்கும் மெக்கானிக்கை நீங்கள் பார்க்கவே போவதில்லை. நீங்கள் எழுதிக் கொண்டுபோன ஒவ்வொன்றும் அதில் ஏறியதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, ஏற்கெனவே இருக்கும் கீறல் ஆகியவையும் அதில் இருக்க வேண்டும். எஸ்டிமேட் எழுத்தில் வாங்குங்கள். பல கம்பெனிகளின் இணையதளத்திலும் செயலியிலும் எத்தனையாவது சர்வீஸுக்கு எவ்வளவு ஆகும் என்று பார்க்க முடியும். முதல் நாளே பார்த்துவிட்டுப் போனால் பேச வசதியாக இருக்கும்.

மூன்று விஷயங்களை வாயால் சொன்னால் போதாது, எழுதச் சொல்லுங்கள். கேட்காமல் எந்தப் பாகமும் மாற்றக் கூடாது. கழற்றிய பாகம் எனக்கு வேண்டும். சேசிஸ் நம்பரைப் போட்டு ரீகால் (தயாரிப்புக் குறையைச் சரிசெய்யக் கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பது) ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரீகால் வேலைக்குக் காசு கிடையாது, கேட்காவிட்டால் சில இடங்களில் சொல்வதும் கிடையாது.

வண்டியில் என்ன செய்வார்கள், எதில் கண் வைக்க வேண்டும்

ஆயிலும் ஆயில் பில்டரும் ஒவ்வொரு முறையும் மாறும். சிறிய பெட்ரோல் காருக்கு மூன்று முதல் நான்கு லிட்டர் பிடிக்கும். பில்லில் ஐந்து லிட்டர் என்று இருந்தால் கேளுங்கள்.

ஏர் பில்டர்தான் நம் பக்கத்தில் அதிகம் ஏமாற்றுவது. கையேட்டில் பெரும்பாலும் 40,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கும், அதுவரை சுத்தம் செய்தால் போதும் என்று. அதே கையேட்டில் தூசி நிறைந்த இடத்தில் ஓட்டினால் முன்கூட்டியே பார்க்கவும் என்றும் ஒரு வரி இருக்கும், அந்த வரி நமக்காக எழுதியது. அறுவடை மிஷின் ஓடும் வயலுக்கும் நெல் கொள்முதல் நிலையத்துக்கும் பக்கத்தில் போய்வரும் வண்டியின் பில்டரைத் தட்டினால் சுணை கொட்டும். அதைக் காற்றடித்து மறுபடி போடுவதில் ஒரு எல்லை இருக்கிறது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், மடிப்புகளுக்கிடையே வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். ஏசி பில்டரும் அப்படியே. அது பெரும்பாலான வண்டிகளில் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும், கழற்றப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். ஒருமுறை பார்த்துக்கொண்டால் அடுத்த முறை நீங்களே மாற்றலாம்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் கொதிநிலை குறையும், தொடர்ந்து பிரேக் மிதிக்கும்போது பெடல் தொளதொளவென்று இறங்கும். பல கையேடுகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக் கடற்கரைக் காற்றில் நிற்கும் வண்டிக்கு அதைத் தள்ளிப்போடவே கூடாது. டாட் 3, டாட் 4 என்று மூடியிலேயே எழுதியிருக்கும், அதைத்தான் ஊற்ற வேண்டும்.

கூலன்ட் குறைந்திருந்தால் ரெடி மிக்ஸ் கூலன்ட்தான். போர் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். கடலை ஒட்டிய ஊர்களில் அதில் எவ்வளவு உப்பு என்று பாத்திரம் கழுவுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்த உப்பு ரேடியேட்டருக்குள் படியும். வைப்பர் தொட்டிக்கும் அந்தத் தண்ணீர் வேண்டாம், கண்ணாடியில் வெள்ளைத் திட்டு விழும்.

மழைக்கு முந்தைய சர்வீஸ் என்பதால் கூடுதலாகச் சொல்ல வேண்டியவை: வைப்பர் ரப்பர் சித்திரை வெயிலில் இறுகியிருக்கும், மாற்றச் சொல்லுங்கள். வேப்ப மரத்தடியில் நிற்கும் வண்டி என்றால் முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள தண்ணீர் வடியும் பள்ளத்தில் சருகு அடைத்திருக்கும். அதை எடுக்காமல் விட்டால் ஒரு கன மழையில் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் நிற்கும். டயர் பட்டன் (ரோட்டில் படும் பரப்பில் உள்ள வரிப்பள்ளம்) ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போனால் சட்டப்படியே ஓட்டக் கூடாது. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3222 என்றால் 2022-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறேழு வருடம் ஆன டயரில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரி மூன்று வருடம் தாண்டியிருந்தால் மெஷின் வைத்துச் சோதிக்கட்டும்.

வண்டிக்கு அடியில் கழுவுவதை நம்மவர்கள் சாதாரணமாக நினைக்கிறார்கள். நடவுக் காலத்தில் டிராக்டர் சக்கரம் தார் ரோட்டில் விட்டுப் போகும் களிமண், சக்கரத்துக்கு மேலே உள்ள குழிவில் போய் ஒட்டிக்கொண்டால் லேசில் வராது. அது ஈரத்தைப் பிடித்துவைத்தபடி தகட்டைத் தின்னும். வாட்டர் வாஷின்போது லிப்டில் ஏற்றிக் கீழே அடிக்கச் சொல்லுங்கள். அடிப்பாகத்தில் துருத் தடுப்புப் பூச்சு கடலோரத்தில் இருப்பவர்களுக்கு நல்லதுதான். தஞ்சாவூரில் இருப்பவருக்கு அவ்வளவு அவசியமில்லை. யாராக இருந்தாலும் வருடா வருடம் அடிக்கத் தேவையில்லை.

டீசல் வண்டிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. பில்டரில் சேரும் தண்ணீரை வடிக்கச் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி உண்டு. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளத் தொடர்ந்த ஓட்டம் வேண்டும். ஊருக்குள்ளேயே ஓட்டினால் அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். வாரம் ஒருமுறை பைபாஸில் இருபது நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டுவது மலிவான வைத்தியம். மாதம் நூறு கிலோமீட்டர்கூட ஓடாத வீட்டுக்கு டீசல் கார் வாங்காமல் இருப்பது அதைவிட மலிவு.

வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள்

இன்ஜின் டீகார்பனைசிங், இன்ஜெக்டர் கிளீனிங், இன்ஜின் டிரெஸ்ஸிங், ஏசி கிருமிநீக்கம், டெஃப்ளான் கோட்டிங். இந்தப் பட்டியல் வரும்போது அட்வைசரின் குரல் கொஞ்சம் இனிமையாகும். பாவம், அவருக்கும் மாத டார்கெட் இருக்கிறது. குறை எதுவும் இல்லாத இரண்டு மூன்று வயது வண்டிக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை. கையேட்டின் சர்வீஸ் அட்டவணையில் இருக்கிறதா என்று கேளுங்கள். "இப்ப வேணாம் தம்பி, அட்டவணைல உள்ளத மட்டும் பாருங்க" என்று சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

மதியம் ஒரு போன் வரும். "சார், முன்னாடி பிரேக் பேட் தேஞ்சிடுச்சு, மாத்திடலாமா?" எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது என்று கேட்டு, வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்லுங்கள். 3 மி.மீ. அளவுக்கு வந்திருந்தால் மாற்றிவிடலாம். பாதிக்கு மேல் இருந்தால் அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம்.

வண்டியை எடுக்கும்போது

காசு கட்டுவதற்கு முன்னால் பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள். சமதளத்தில் நிற்கும் வண்டியில், இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, ஆயில் குச்சியை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். அளவு இரண்டு குறிகளுக்கு இடையில் இருக்க வேண்டும். மேல் குறியைத் தாண்டியிருந்தாலும் கெடுதல்தான். பெட்ரோல் வண்டியில் புது ஆயில் தேன் நிறத்தில் தெரியும். டீசலில் ஓடிய உடனே கறுத்துவிடும் என்பதால் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மாற்றியதாகச் சொன்ன பழைய பில்டரை வாங்கிப் பாருங்கள். சந்தேகக்காரர்கள் முந்தின நாளே ஏர் பில்டரின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிடுவது உண்டு. நானும் அந்தக் கட்சிதான்.

பிறகு அட்வைசரையோ மெக்கானிக்கையோ பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டுங்கள். எழுதிக் கொடுத்த சத்தம் போயிற்றா, ஸ்டியரிங் நேராக இருக்கிறதா, பிரேக் சரியாகப் பிடிக்கிறதா. அப்புறம் பில்லை எஸ்டிமேட்டோடு ஒப்பிடுங்கள். கூலிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும், அது எஸ்டிமேட்டில் சேர்த்ததா என்று முதலிலேயே கேட்டிருந்தால் நல்லது. சர்வீஸ் புத்தகத்தில் சீல், மீட்டரில் அடுத்த சர்வீஸ் நினைவூட்டல் ரீசெட், ஸ்டெப்னி உட்பட ஐந்து டயருக்கும் காற்று, இவை மூன்றும் முடிந்தபின் கிளம்பலாம். பில்லில் தீராத தகராறு என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

அன்றே போகிற வழியில் புகைச் சான்றையும் முடித்துவிடுங்கள். புது வண்டிக்கு முதல் வருடம் தேவையில்லை. அதன் பிறகு பிஎஸ்-4, பிஎஸ்-6 வண்டிகளுக்கு வருடம் ஒருமுறை, அதற்கு முந்தைய வண்டிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சர்வீஸோடு சேர்த்துவிட்டால் மறக்காது.

மழைக்காலத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றுபோனால் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீர் இன்ஜினுக்குள் போயிருந்தால் ஒரே சாவித் திருப்பலில் உள்ளே இருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண இன்சூரன்ஸில் அந்தச் செலவு கிடைப்பது கடினம், இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால்தான் வழி உண்டு. தள்ளி ஓரம் கட்டிவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

அறுவடைக்குப் பிறகு ஒரு அரை மணி நேரம்

மாசி வாக்கில் ஒரு நாள் தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டுங்கள். முழு சர்வீஸ் இல்லை, லிப்டில் ஏற்றிக் கீழே பார்ப்பதற்கும் ஏர் பில்டரைத் தட்டுவதற்கும்தான். ரோட்டில் காயும் வைக்கோலும், அடிபடட்டும் என்று பரப்பிவைக்கும் உளுந்துச் செடியும் அச்சிலும் சைலன்ஸர் குழாயிலும் சுற்றிக்கொள்ளும். சைலன்ஸர் பாதையில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும், காய்ந்த வைக்கோல் பற்ற அது போதும். அப்படி ஒரு ரோட்டைக் கடந்தால் கொஞ்ச தூரத்தில் இறங்கிக் குனிந்து பாருங்கள். கருகிய வாடை வந்தால் உடனே நிறுத்துங்கள். வைக்கோல் கிடக்கும் களத்தின் மேல் வண்டியை நிறுத்தவே வேண்டாம்.

இன்னொரு ஆள் எலி. வயல் காய்ந்ததும் ஊருக்குள் வரும், இன்ஜின் சூடு அதற்குப் பிடித்த இடம். வயரைக் கடித்துவிட்டால் டேஷ்போர்டில் ஏதேதோ விளக்கு எரியும், செலவு சர்வீஸ் பில்லைவிடப் பெரிதாக வரும். வைக்கோல் போர், நெல் மூட்டை, மாட்டுத் தீவனம் பக்கத்தில் நிறுத்தாமல் இருப்பதுதான் முதல் பாதுகாப்பு. புகையிலையைக் கட்டித் தொங்கவிடுகிறவர்கள் உண்டு, சில வீட்டில் கேட்கிறது, சில வீட்டு எலி அதற்கும் அசைவதில்லை. காற்று உள்ளே போகும் வழிகளில் கம்பி வலை வைப்பது மேல். பானெட்டுக்குள் எலி மருந்து மட்டும் வைக்காதீர்கள். அதைத் தின்ற எலி ஏசி குழாய்க்குள் போய்ச் செத்தால் ஒரு மாதத்துக்கு வண்டியில் யாரும் உட்கார முடியாது.

வீட்டுக்காரர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்க, வண்டி ஷெட்டில் உறங்கும் வீடுகளும் இங்கே நிறைய. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பதால் பயனில்லை, பேட்டரிதான் இன்னும் இறங்கும். ஓட்டத் தெரிந்த பங்காளி யாரையாவது இருபது நிமிடம் ரோட்டில் ஓட்டிவரச் சொல்லுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு, டயர் காற்றைக் கொஞ்சம் கூட்டி வைத்து, ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். மாதக்கணக்கில் ஹேண்ட் பிரேக் போட்டு வைத்தால் பின் பிரேக் ஒட்டிக்கொள்ளும். ஓடாத வண்டியானாலும் புரட்டாசியில் ஆயில் மாற்றம் உண்டு.